கொடிக்காலுக்குப் போர்டோ கலவை

சோழவந்தான் பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களில் ஐப்பசி மழை தொடங்கியதும் வாடல் நோய் தலைகாட்டும். பூசணம் தாக்கித் தண்டின் அடி அழுகும். பச்சையாய் நின்ற கொடி சில நாட்களில் துவண்டுவிடும். இதைத் தடுக்க 0.25 சத போர்டோ கலவையைக் கொடியின் அடியில் ஊற்றவேண்டும். 1885-ல் பிரான்சில் பேராசிரியர் மில்லார்டே திராட்சைக்கு வெளியிட்ட மருந்து இது. மலிவானதுதான், தயாரிப்பில் தவறினால் செடி கருகும். எங்கே தவறுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வேதிவினை வகைகளைக் கொண்டே அறியலாம்.

காளவாசலில் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கரியமில வாயு பிரிந்து, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. இது சிதைவு வினை. அதில் தண்ணீர் தெளித்தால் சூடேறிப் பொடியாக உதிரும். இரண்டும் ஒன்றாவதால் இது சேர்க்கை வினை. நாள்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுப் பழையபடி கல்லின் குணத்துக்கே திரும்பிவிடும். தண்ணீர் பட்டும் சூடேறாத சுண்ணாம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

100 லிட்டர் கலவைக்கு 250 கிராம் மயில்துத்தத்தைப் பொடித்து 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும். 250 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி, ஆறியபின் வடிகட்டி 50 லிட்டராக்கவும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து, சீக்கிரம் அடியில் படிந்துவிடும். துத்தத்திலுள்ள தாமிரமும் சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்வதால் இது இரட்டை இடப்பெயர்ச்சி வினை. வானநீலக் குழம்பாக வருவதே நோயைத் தடுக்கும் தாமிரச் சேர்மம்.

சுண்ணாம்பு போதவில்லையென்றால் மீந்த துத்தம் இலையையும் வேரையும் சுடும். இதைச் சோதிக்கத் தீட்டிய அரிவாளே போதும். கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் அலகில் செம்பு நிறம் படிகிறதா என்று பார்க்கவும். படிந்தால், இரும்பு கரைந்து தாமிரத்தை வெளியே தள்ளியிருக்கிறது என்று பொருள். ஒற்றை இடப்பெயர்ச்சி வினை என்பது இதுதான். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து, அலகைத் துடைத்து மறுபடி சோதிக்கவும்.

இதே காரணத்தால் தகர டின், இரும்பு வாளி ஆகியவற்றில் துத்தம் கரைக்கக்கூடாது. மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ நல்லது. பறிக்கவேண்டிய வெற்றிலையை முதலில் பறித்துவிட்டு, தயாரித்த அன்றே கலவை முழுவதையும் ஊற்றிவிட வேண்டும்.