பட்டம் கட்டுவது யார்?

'பட்டம்' என்கிற சொல்லோடு என்னென்ன வினை சேரும் என்று வகுப்பில் கேட்பேன். கல்லூரியில் பட்டம் வாங்குகிறோம். மொட்டை மாடியில் பட்டம் விடுகிறோம். வாங்கினவனே வேலை கிடைக்காமல் மாடியில் விட்டுக்கிட்டும் இருக்கான், அது வேற கதை! (சிரிப்பு) மூன்றாவது, அரண்மனையில் பட்டம் கட்டுகிறார்கள். வாங்குறதும் விடுறதும் நாமே செய்யலாம். கட்டுறதை மட்டும் இன்னொருத்தர் வந்து செய்யணும்.

பட்டம் என்றால் நெற்றியில் கட்டுகிற பொன் தகடு. அதைக் கட்டினால் பதவி வந்துவிட்டது என்று பொருள். பட்டத்து அரசி, பட்டத்து யானை எல்லாம் அந்த வழியில் வந்த பெயர்கள்தான். பழந்தமிழ் நாட்டில் படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டம் என்றால் மோதிரம், வணிகனுக்கு எட்டிப் பட்டம் என்றால் பொற்பூ. வெறும் வாய்வார்த்தை இல்லீங்க, கையில ஒரு பொருள் வந்தது.

கம்பனைப் பாருங்கள். வசிட்டர் முடி சூட்டுகிறார். அதை எடுத்துக் கொடுப்பவர்கள் சடையப்ப வள்ளலின் முன்னோர். இராமன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். பிரான்சில் 1804-இல் நெப்போலியன், போப்பாண்டவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தன் தலையில் தானே முடியை வைத்தான். தமிழ்ல அதைச் 'சூட்டினான்'னு நிறுத்த முடியுமா? 'சூட்டிக்கொண்டான்'! அந்தக் 'கொண்டான்' ஒன்று போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். (கைதட்டல்)

இன்றைக்கும் ஆளுநர் பதவிப் பிரமாணம் 'செய்து வைக்கிறார்', முதலமைச்சர் 'செய்துகொள்கிறார்'. பதவி 'ஏற்றார்' என்பதைச் சிலர் 'ஏறினார்' என்று நினைக்கிறார்கள். ஏல் என்றால் ஒப்புக்கொள். ஏறுவது வேறு, ஏற்பது வேறு. நாற்காலியைப் பார்த்ததும் சில பேருக்கு இலக்கணம் மறந்துபோகுது, அதை விடுங்க.

நம்ம வீட்டுக்கு வருவோம். பட்டம் கட்டுறது அங்கேயும் நடக்குது. 'மக்குப் பட்டம் கட்டிட்டாங்க', 'ராசியில்லாதவன்னு பட்டம் கட்டிட்டாங்க.' அதே வினைதான், தகடுதான் இல்லை. இராமனுக்கு முடிசூட்ட நினைத்த தசரதன் மந்திரிகளைக் கூட்டி யோசனை கேட்டான், நாள் பார்த்தான். வந்த மூணாம் மாசமே அந்தப் பொண்ணு நெத்தியில 'ராசியில்லாதவ'ன்னு கட்டினோமே, யாரைக் கேட்டோம்? எந்த நாள் பார்த்தோம்? அவளும்தான் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவிழ்க்க யார் வருவார்?

மருமகளுக்கு எல்லா மரியாதையும் கொடுத்தாச்சு, 'மூத்த மருமகள்' பட்டமே கட்டியாச்சு என்கிறது எதிரணி. ரொம்ப சந்தோஷம். மோதிரம் வேண்டாம், பொற்பூ வேண்டாம். பீரோ சாவி வந்ததா, இல்லையா? அதை மட்டும் அடுத்துப் பேச வருகிற அம்மா சொல்லட்டும்.