பெட்டியில் எழுதிய வொட்டும் உள்ளே இருக்கும் வொட்டும்

கொம்பியூட்டர் கடையில் வாங்கிய கொட்டேஷன் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக வாசித்துப் பாருங்கள். புரொசஸர் எந்தக் கொம்பனி, எந்த மொடல் என்று இருக்கும். கிராபிக்ஸ் கார்டும் அப்படியே. மதர்போர்ட், ரெம், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் பெயரும் இலக்கமும் இருக்கும். கடைசியில்தான் "கேசிங், 600 வொட் பவர் சப்ளையுடன்" என்று ஊர் பேர் இல்லாத ஒரு வரி வரும். மற்ற எல்லாச் சாமான்களுக்கும் கரண்ட் கொடுப்பது அந்தப் பெயரில்லாத சாமான்தான்.

கணக்குப் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் வாங்கும் சாதாரண இயந்திரத்துக்கு இது பெரிய விடயமல்ல. ஆனால் இன்று எம்மவர் பலர் கல்யாண வீடியோ, வீட்டுப் பிளான், பேனர் டிசைன் என்று தொழிலுக்காக ஆறேழு இலட்சம் ரூபா போட்டு இயந்திரம் பூட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த வீடியோக்காரத் தம்பி ஒருவருடைய பவர் சப்ளை வேலைக்கு நடுவே 'டப்' என்ற சத்தத்துடன் போனது. தனியே போகவில்லை, மதர்போர்டையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அதில் ஒன்றில்தான் ஒரு நிகாஹ் வைபவம் முழுவதும் இருந்தது. மதர்போர்டுக்குக் காசு கொடுத்துவிடலாம். நிகாஹை மறுபடி நடத்தித் தாருங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க முடியுமா?

இந்தச் சாமானில் நடக்கும் மோசடி நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு விளங்காத ஒன்றல்ல. ஒரு கிலோ என்று எழுதிய பையில் அரைக் கிலோ சீனி போட்டு விற்பதுதான். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அம்பியர் என்று போட்டிருப்பார்கள். இன்றைய புரொசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான். ஆகவே அந்த அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் 500 வொட் என்றிருக்கும், அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 அம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 216 வொட்! நேர்மையான 750 வொட் சாமானில் இதே இடத்தில் 62 அம்பியர் அளவில் இருக்கும். அட்டவணையே இல்லாத சாமானைத் தொடவே வேண்டாம். அளவை நிறுவையில் குறைப்பவர்களைக் கண்டித்து ஒரு ஸூராவே இறங்கியிருக்கும்போது, ஸ்டிக்கரில் குறைப்பது மட்டும் வேறு கணக்கா என்ன?

நமது தராசுக்கு முத்திரை குத்துவது போல இதற்கும் ஒரு முத்திரை உண்டு. 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' என்பது அதன் பெயர். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவை வீணாக்காமல் உள்ளே கொடுக்கிறது என்பதை அளந்து பிரோன்ஸ், சில்வர், கோல்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், பிரோன்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90 சதவீதம் வேண்டும். இதனால் கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். இயந்திரம் 400 வொட் குடித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 26 வொட் அளவுதான். பத்து மணித்தியாலம் ஓடினால் கால் யூனிட். உண்மையான இலாபம் சூடு குறைவதில்தான் இருக்கிறது. நமது காலநிலையில் அதுவே பெரிய விடயம்.

முத்திரை இருந்தால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. 2021 ஓகஸ்டில் கிகாபைட் கொம்பனி தனது 750, 850 வொட் மொடல்கள் இரண்டில் குறிப்பிட்ட தொடர் இலக்கங்களைக் கொண்டவற்றை மாற்றித் தர முன்வந்தது. அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்சஸ் குழுவினர் சோதித்தபோது அவை வெடித்தமை பகிரங்கமாகியிருந்தது. இரண்டுமே கோல்ட் முத்திரை பெற்றவை! காரணம், அந்த முத்திரை வீண்விரயத்தை அளக்கிறதே தவிர, சுமை மிஞ்சும்போது சாமான் தானாக அணைந்து மற்றவற்றைக் காப்பாற்றுமா என்பதை அளப்பதில்லை. ஆகவே பிராண்டை மட்டும் கேட்காமல், அதே மொடலைத் தனியாட்கள் பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்று பிள்ளைகளிடம் சொல்லித் தேடிப் பாருங்கள்.

எத்தனை வொட் வாங்குவது? இன்டெல் கோர் ஐ7-14700கே புரொசஸர் உச்சத்தில் 253 வொட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கார்ட் 220 வொட். மற்றவற்றுக்கு 100 போட்டால் 573. கார்ட் செய்த கொம்பனி 650 போதும் என்கிறது. என்னைக் கேட்டால் 750 என்பேன். இந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தமது அளவைத் தாண்டி இழுப்பவை. 750 வாங்கினால் எப்போதும் 750 எரியும் என்ற பயம் வேண்டாம், தேவையானதைத்தான் அது எடுக்கும். ஆனால் 1200 என்று வீண் பெருமைக்கு வாங்குவதும் காசைக் கரைப்பதுதான்.

பழைய பவர் சப்ளையின் கழற்றிப் பூட்டும் வயர்களைப் புதியதில் பூட்டவே கூடாது. பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி வேறு. ஒரே கொம்பனியின் இரண்டு மொடல்களுக்கும்கூட மாறலாம். சுவிட்சைப் போட்ட மறுகணம் ஹார்ட் டிஸ்க் போய்விடும். பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள பழைய ரகமென்றால் அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும்.

2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் யூபிஎஸ் இல்லாமல் இந்த இயந்திரங்களை ஓட்டுவதும் சரியல்ல. அங்கும் இதே எழுத்து விளையாட்டுத்தான். 650 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360, 390 வொட்தான். மலிவான யூபிஎஸ் பற்றரிக்கு மாறும்போது சில நல்ல பவர் சப்ளைகள் அணைந்துவிடுவதும் உண்டு. கடையிலேயே இரண்டையும் சேர்த்துப் பூட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல கொம்பனிகள் இதற்கு ஐந்து, ஏழு, பத்து வருடம் வரை வொரண்டி கொடுக்கின்றன. அந்த வொரண்டியை இங்கே பொறுப்பேற்கும் முகவர் யார் என்பதை வாங்கும்போதே கேட்டு, மொடல் பெயரையும் தொடர் இலக்கத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'பவர் சப்ளை 750 வொட்' என்று மட்டும் எழுதிய பில்லைக் கொண்டுபோனால் எந்த முகவரும் கதவைத் திறக்கமாட்டார்.