ஒன்றரையின் வேகம்

2009 ஏப்ரல் நடுவில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டு குழந்தைகளிடம் அதுவரை கண்டறியப்படாத ஒரு ஃப்ளூ வைரஸ் தென்பட்டது. இருவருக்கும் ஒருவரோடொருவர் தொடர்பில்லை. பன்றிகளுக்கு அருகே இருவருமே போனதில்லை. ஆனால் வைரஸ் பன்றிகளிடமிருந்து வந்த வகை! ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை உலகப் பெருந்தொற்று என அறிவித்தபோது, 74 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பேருக்கு நோய் உறுதியாகியிருந்தது. இடையில் ஓடியது எட்டே வாரம்.

ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் ஃப்ளூ வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அத்தனை சிறிய உடலுக்குள் மரபுச்செய்தி எட்டுத் தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். 256 சேர்க்கைகள் சாத்தியம். இதற்கு மரபணு மறுகலப்பு என்று பெயர். பன்றி, பறவை, மனிதன் ஆகிய மூவகை வைரஸ்களின் வழிவந்த துண்டுகள் 2009 வைரஸில் கலந்திருந்தன. மனித உடலின் எதிர்ப்பாற்றலுக்கு, குறிப்பாக இளையவர்களிடம், அது புதுமுகம்.

நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருகிறார் என்பதே பரவல் எண். 2009 ஃப்ளூவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் இது வட்டிக்கு வட்டி போடும் கணக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒருவரில் தொடங்கும் தொற்று முப்பதாம் நாளில் சுமார் 58 பேரைப் பிடிக்கும். அறுபதாம் நாளில் 3,300 பேரை. தொண்ணூறாம் நாளில் 1,90,000 பேருக்கு மேல்!

காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். ஆகவே நலமாகத் தோன்றும் பயணியோடு அதுவும் விமானமேறுகிறது. முந்தைய பெருந்தொற்றுகள் ஆறு மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட பரவலை, 2009 வைரஸ் ஆறு வாரத்துக்குள் முடித்தது.

அதே கணக்கு நமக்கும் துணை நிற்கிறது. பரவல் எண்ணை ஒன்றரையிலிருந்து ஒன்றேகாலாகக் குறைத்தால், தொண்ணூறாம் நாளில் புதிதாக நோயுறுவோர் சுமார் 800 பேர்தான். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தொற்று தானே அணைந்துவிடும். 2009-இல் மெக்சிகோ பள்ளிகளை மூடியதும், காய்ச்சல்காரர் வீட்டிலேயே இருப்பதும், முகக்கவசமும் பரவல் எண்ணில் அந்தக் கால் அளவைக் குறைக்கும் முயற்சிகளே. புதிய தடுப்பூசி தயாராக ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை மருத்துவமனைகள் நிரம்பி வழியாமல் காப்பது இந்தக் கால் அளவுக் குறைப்புதான்.