கரும்பச்சை வயலைப் பார்த்து யூரியா போடாதீர்கள்

ஐப்பசி மழைக்கு நடுவே காவிரிப் படுகையில் சம்பா தூர் கட்டும். பக்கத்து வயல் கொஞ்சம் கூடுதல் பச்சையாகத் தெரிந்தால் போதும், மறுநாளே நம் வயலில் யூரியா மூட்டை அவிழ்ந்துவிடும். புகையான் பூச்சிக்கு வழி திறப்பது பெரும்பாலும் அந்த மூட்டைதான்.

யூரியா தரும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தேவைக்கு மேல் ஏறினால் தண்டு மென்மையாகும். சாற்றில் அமினோ அமிலங்கள் பெருகும். அந்தச் சாற்றைக் குடிக்கும் புகையான் அதிகமாக முட்டையிடும். அது இலை நுனியில் இருப்பதில்லை; தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக அப்பியிருக்கும். வரப்பில் நின்றால் கண்ணில் படாது. வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்த பிறகுதான் பலர் குனிந்து பார்க்கிறார்கள். அப்போது பதறிப்போய்ச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்து அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் சாகும். பூச்சி முன்பைவிடப் பெருகும்.

அளவு தெரிந்து உரமிட ஒரு எளிய கருவி இருக்கிறது: இலை வண்ண அட்டை. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் அட்டை. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 நைட்ரஜன் அணுக்கள் உண்டு; அதனால் இலையின் நிறமே தழைச்சத்தின் இருப்பைக் காட்டிவிடும்.

நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் பாருங்கள். பூச்சி, நோய் தாக்காத 10 குத்துகளில், முழுதாக விரிந்த மேல் இலையைப் பறிக்காமல் அட்டையின் மேல் வைத்து ஒப்பிட வேண்டும். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும். உடம்பின் நிழலை இலைமேல் விழச் செய்யுங்கள். கண்ணுக்குக் கண் நிறம் மாறுமாதலால் ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது முக்கியம். 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் வரம்புக்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கு 4. மழைக்காலப் பயிருக்கு ஒரு தடவைக்கு எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா.

ஆனால் மஞ்சளெல்லாம் தழைச்சத்துப் பசி அல்ல. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும்; பயிர் அதிலிருந்து சத்தை உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். கந்தகம் குறைந்தால் இளம் இலை முதலில் வெளுக்கும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்கிய வயலில் வேர் மூச்சுத் திணறிச் சத்தை எடுக்க முடியாமல் போகும். அங்கே முதல் வேலை வடிகாலை வெட்டிவிடுவது. தண்ணீர் வடிந்து, புது வேர் பிடித்த பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். மழை இறங்கப்போகும் நாளில் தூவிய யூரியா வாய்க்காலோடு போய்விடும். வானம் வெளுக்கும்வரை காத்திருக்கலாம்.

கதிர் பூக்கத் தொடங்கியதும் அட்டைக்கு வேலை இல்லை. அதன் பிறகு வாரந்தோறும் செய்ய வேண்டியது வயலுக்குள் இறங்கித் தூரை விலக்கி அடியைப் பார்ப்பது. தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் உடனே தண்ணீரை வடித்துவிடுங்கள்.