உழவு இயந்திரமும் நிலத்தின் பிடியும்

உழவு இயந்திரம் தன் எஞ்சினின் வலிமையினாலேயே கலப்பையை இழுக்கின்றது என்பது பலரின் எண்ணம். உண்மை அஃதன்று. எஞ்சின் எத்துணை ஆற்றல் உடையதாயினும், அவ்வாற்றல் சில்லின் வழியாக மண்ணைப் பின்னோக்கித் தள்ளும்போது, மண் அதற்கு ஈடுகொடுத்து நின்றாலன்றி இயந்திரம் முன்னேறாது. மண் ஈடுகொடாதவிடத்துச் சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று, தன்னைத் தானே புதைத்துக்கொள்ளும். ஆகவே, இழுவை என்பது இயந்திரம் மண்ணிடம் பெறும் கடன் எனலாம். எந்த மண் எவ்வளவு கடன் தரும்? அதனைச் சில்லினாற் பெறுவதா, சங்கிலித் தடத்தினாற் பெறுவதா? சப்ரகமுவ மாகாணத்து நிலங்களை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வாம்.

மண்ணின் வலிமை இரு கூறுகளை உடையது. ஒன்று, மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பிணைவு. மற்றது, துகள்களுக்கிடையேயுள்ள உராய்வு. பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் 1773ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். பிணைவினால் வரும் இழுவை, நிலத்தைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. உராய்வினால் வரும் இழுவை, நிலத்தின்மேல் அமரும் நிறையைப் பொறுத்தது. ஈரக் களிமண்ணிற் பிணைவே முதன்மை பெறும். உலர்ந்த மணற்பாங்கான நிலத்தில் உராய்வே முதன்மை பெறும்.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். 3,600 கிலோ நிறையுள்ள இரு இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். நிறை முழுவதும் இழுக்கும் உறுப்புகளின்மேலேயே அமர்கின்றது எனக் கொள்வோம். ஒன்றின் இரு சில்லுகளும் நிலத்தைத் தொடும் பரப்பு 3,600 சதுர சென்ரிமீற்றர். மற்றதன் இரு சங்கிலித் தடங்களும் தொடும் பரப்பு 9,000 சதுர சென்ரிமீற்றர். மென்மையான களிமண்ணின் பிணைவு சதுர சென்ரிமீற்றருக்கு 0.1 கிலோ எனின், முன்னது பெறும் இழுவை 360 கிலோ. பின்னது பெறுவது 900 கிலோ. ஆனால், பிணைவற்ற உலர் நிலத்தில், உராய்வுக் கோணம் 30 பாகையாயின், இரண்டும் ஏறத்தாழ 2,080 கிலோ இழுவையையே பெறும். சேற்றிற் சங்கிலித் தடம் வெல்வதும், உலர்நிலத்தில் அதன் மேன்மை குறைவதும் இதனாலேயே.

சங்கிலித் தடம் பிறந்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரை அடுத்த கழிமுக நிலம், மக்கிய தாவரங்களால் ஆன மெத்தை போன்ற மண். அங்கே கனத்த நீராவி இயந்திரங்கள் புதைந்தன. சில்லுகளை மேலும் மேலும் அகலமாக்கிப் பார்த்தும் பயன் சிறிதே. பெஞ்சமின் ஹோல்ற் என்பவர் சில்லுகளை அகற்றிச் சங்கிலித் தடத்தைப் பூட்டி, 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பரிசோதித்து வெற்றி கண்டார். இயந்திரம் தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு அதன்மேற் செல்வதே இதன் தத்துவம்.

எனினும், சில்லு தோற்றுவிடவில்லை. 1932இல் அமெரிக்காவின் அலிஸ் சாமர்ஸ் நிறுவனம் காற்றடைத்த இறப்பர் டயர்களை உழவு இயந்திரத்திற்கு வழங்கியது. மாசி பெர்குசன் என்ற பெயரால் நம்மவர்க்கு அறிமுகமான ஹரி பெர்குசன், கலப்பையை இயந்திரத்தோடு மும்முனையிற் பிணைத்து, கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சில்லுகளை அழுத்துமாறு செய்தார். இம்முறை 1939இல் போர்ட் நிறுவனத்தின் இயந்திரத்தோடு பெருவழக்காயிற்று. டயருக்குள் நீர் நிரப்புதல், இரும்புப் பாரம் தொங்கவிடுதல், வயலிற் காற்றின் அமுக்கத்தைக் குறைத்துத் தொடுபரப்பைப் பெருக்குதல், இரட்டைச் சில்லுப் பூட்டுதல், நான்கு சில்லுகளையும் இயக்குதல் என்பன ஏனைய வழிகள். இவற்றுள் நிறையைக் கூட்டும் வழிகள் உலர்நிலத்திற்கும், பரப்பைக் கூட்டும் வழிகள் ஈரநிலத்திற்கும் உரியவை. இவ்வேறுபாட்டை அறியாது சேற்றுக்குட் பாரம் ஏற்றுவோர், புதையும் இயந்திரத்தை மேலும் புதைக்கின்றனர்.

சங்கிலித் தடத்திற்குக் குறைகளும் உள. அதன் விலை மிகுதி. பரற்கல் நிலத்தில் இணைப்புகள் விரைவில் தேயும். இரும்புத் தடம் தார்வீதியைச் சிதைக்கும். திரும்பும்போது மேல்மண்ணைச் சுரண்டும். 1987இல் கற்றபிலர் நிறுவனம் இறப்பர்த் தடமுள்ள உழவு இயந்திரத்தை அறிமுகஞ்செய்தபின் வீதிக் குறை நீங்கிற்று. விலைக் குறை நீங்கவில்லை.

இனி நம் மாகாணத்திற்கு வருவோம். இங்கே மூவகை நிலங்கள் உள. முதலாவது, இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கே, எம்பிலிப்பிட்டியப் பகுதியின் சமநிலம். 1960களில் வளவை கங்கையை மறித்துக் கட்டிய உடவளவை நீர்த்தேக்கத்தினால் வளம்பெற்றது. அங்குள்ள செங்கபில மண் காய்ந்தாற் கல்லாகும், நனைந்தாற் பசையாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருவத்தில் உழுதால், நான்கு சில்லு இயந்திரமே போதும்.

இரண்டாவது, குன்றுகளுக்கிடையே கிடக்கும் பள்ளத்து வயல். இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. ஆதலின் நீர் வடியாத சேறு அங்கு இயல்பு. மாணிக்கக்கல் தேடித் தோண்டி மூடிய குழிகளும் சில வயல்களில் உள. அங்கே கனத்த இயந்திரம் இடருக்கே வழி. இரும்புக் கூட்டுச் சில்லுப் பூட்டிய இருசில்லு இயந்திரமும், அதற்கு முன்னோடியான எருமையுமே பொருந்துவன.

மூன்றாவதே நம் தோட்டங்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலையும் இறப்பரும் பெரும்பாலும் சரிவிலேயே நிற்கின்றன. மேற்கூறிய கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். நாலடி ஏற ஓரடி உயரும் சரிவில், 3,600 கிலோ இயந்திரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 900 கிலோ. ஈரக் களியிற் சங்கிலித் தடம் பெற்ற இழுவையும் அதே 900 கிலோ தான். இயந்திரம் தன்னைத் தாங்கிக்கொள்வதிலேயே கடன் முழுவதும் தீர்ந்துவிடும். கலப்பைக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. சில்லு இயந்திரமோ, பத்தடிக்கு ஓரடிச் சரிவிலேயே தோற்றுவிடும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினாற் கவிழும் அபாயம் வேறு.

இழுவை கிடைப்பினும் சரிவை ஆழ உழலாமா என்பதே அடுத்த வினா. கிளறிய மண் ஒரு மழையிற் கானை நிரப்பி ஆற்றைச் சேர்கின்றது. 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் எழுந்தது இவ்வச்சத்தினாலேயே. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கடுமழையில் அரநாயக்கவின் மலைச்சரிவு இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதற்கு உழவு காரணமன்று. எனினும், நம் மலைமண் எத்துணை மெல்லிய பிடியில் நிற்கின்றது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இங்கே நினைக்கத்தக்கவர் ரே விஜேவர்தன (1924–2010). 1955இல் லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்தை ஆக்கிய இலங்கைப் பொறியியலாளர் அவர். அவரே பிற்காலத்தில், வெப்பவலய மண்ணுக்கு ஆழ உழவு ஏற்றதன்று எனக் கண்டு, சரிவுகளிற் சமவுயரக் கோட்டிற் சீமைக்கிளுவை வேலி நட்டு, அதன் தழையால் நிலத்தை மூடிப் பயிரிடும் முறையைப் பரப்பினார். தாம் ஆக்கிய கருவியின் எல்லையைத் தாமே உணர்ந்துரைத்தல் அறிஞர்க்கே இயலும்.

சுருங்கக் கூறின், சமநிலத்திற்குச் சில்லும் நிறையும்; சேற்றிற்குப் பரப்பும் இலேசும்; கனத்த நிலத்தைத் திருத்தும் பெருவேலைக்குச் சங்கிலித் தடம்; மலைச்சரிவிற்கு மனிதக் கையும், கானும், மூடுதழையும். மண் தரக்கூடிய கடனுக்கு மேற் கேட்போர், இறுதியில் முதலையே இழப்பர். நம் தோட்டங்களில் அம்முதல், பல தலைமுறையினர் முதுகு வளைத்துக் காத்த மேல்மண்ணன்றோ!