உங்களையும் கேட்க வேண்டும்!

1796 மே 14. இங்கிலாந்தின் பெர்க்லி ஊரில், எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸின் கையில் மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் லேசாகக் கீறினார். பால் கறக்கும் பெண் ஒருவரின் கைக் கொப்புளத்தில் இருந்து எடுத்த மாட்டம்மைச் சீழை அந்தக் கீறலில் தடவினார். பையனுக்கு லேசான காய்ச்சல் வந்து போனது. ஜூலை 1 அன்று உண்மையான பெரியம்மைச் சீழையே அவன் உடம்பில் ஏற்றினார். நல்லவேளை, அம்மை வரவில்லை! தடுப்பூசி பிறந்த கதை இதுதான். 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

ஜென்னரை நாம் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் ஜேம்ஸுக்கு அம்மை வந்திருந்தால்? ஆராய்ச்சிக்குச் சிறுவனின் சம்மதம் வேண்டும் என்று அன்று எந்த விதியும் கிடையாது. அவன் அப்பாவோ ஜென்னரிடம் வேலை பார்த்த தோட்டக்காரர். முதலாளி கேட்டால் அவரால் மறுக்க முடிந்திருக்குமா?

அப்படியானால் குழந்தைகளை ஆராய்ச்சியில் சேர்க்காமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்து. 1950களில் குளோராம்பெனிகால் என்ற மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிலரின் உடல் சாம்பல் நிறமாகி, உயிரே போனது. பெரியவர்களின் கல்லீரல் சுலபமாகச் சமாளித்த மருந்தை அந்தப் பிஞ்சுக் கல்லீரலால் சமாளிக்க முடியவில்லை. குழந்தைகளுக்கான மருந்தைக் குழந்தைகளிடம்தான், மிகக் கவனமாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைப்படி, அப்பா அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் உங்கள் சம்மதமும் வேண்டும். 12 வயது வரை வாயால் சொன்னால் போதும். அதன்பின் 18 வரை எழுத்தில் வாங்க வேண்டும். நீங்கள் "வேண்டாம்" என்றால் அதை மதிக்க வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சை அந்த ஆராய்ச்சியில் மட்டுமே கிடைக்கும் என்ற அரிதான நிலைக்குத்தான் விலக்கு. அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை.

பள்ளியில் போடும் வழக்கமான தடுப்பூசி இதில் சேராது. அது ஏற்கெனவே சோதித்து முடித்தது. ஆராய்ச்சிக்கு யாராவது அழைத்தால் மட்டும், தலையாட்டும் முன் கேளுங்கள்: எத்தனை ஊசி? எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்? வலிக்குமா? பாதியில் விலகலாமா? புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்வது அவர்களின் கடமை.