கீலும் நாணும்

முதுமை வந்துழி முதலிற் சோர்வன கண்ணும் செவியுமே என்பர் பலர். வீட்டிலுள்ள முதியோரை உற்று நோக்குவார்க்கோ வேறோர் உண்மை புலனாகும். கண்ணின் குறையை மூக்குக்கண்ணாடி பெரிதும் மாற்றிவிடுகின்றது. முழங்காலின் நோவுக்கு அத்தகைய எளிய துணை இல்லை. ஆகவே முதியோர் தம் வாழ்வின் எல்லையைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொள்கின்றனர். முதலில் மாடிப்படி கைவிடப்படும். பின்னர்ச் சந்தைக்குச் செல்லுதல் நிற்கும். முழந்தாட்படியிட்டுத் தொழுதவர் விசுப்பலகையில் அமர்ந்தவாறே தலைகுனிவர். ஈற்றில் வாயிற்றிண்ணையே உலகமாய்விடும். ‘வயதானால் இப்படித்தான்’ என்று அவரும் அமைவர், நாமும் அமைவோம். இவ்வமைதி எத்துணைத் தீங்கு பயப்பது என்பதையும், அதனின் நீங்கும் நெறி யாது என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

உடலின் மூட்டுக்குத் தமிழிற் கீல் என்பதும் ஒரு பெயர். கதவைச் சுழலச்செய்யும் உறுப்புக்கும் அதுவே பெயர். மூட்டைப் பற்றும் நோயைக் கீல்வாதம் என்கின்றோம். தசையை என்போடு பிணைக்கும் வாரினைத் தசைநாண் என்கின்றோம். வில்லின் கயிறும் நாணே. தொழிலை நன்கு விளக்கும் அழகிய பெயர்கள் இவை. ஆயினும் இவற்றுள் ஒரு மயக்கமும் மறைந்து கிடக்கின்றது. கதவின் கீல் சுழலுந்தோறும் தேயும்; வில்லின் நாண் இழுக்குந்தோறும் நையும். ஆதலின் உடலின் கீலையும் நாணையும் காக்க விரும்புவார் அவற்றை அசையாது வைத்தலே தக்கது என்று உலகம் எண்ணுகின்றது. இரும்பும் கயிறும் உயிரற்றவை. மூட்டும் நாணும் உயிருள்ளவை. இவ்வேறுபாட்டை உணர்ந்தார் நோவைப் பேணும் முறையையும் உணர்ந்தாராவர்.

முழங்கால் மூட்டினை எடுத்துக்கொள்வோம். தொடையெலும்பின் முனையும் கணைக்காலெலும்பின் முனையும் வழுவழுப்பான குருத்தெலும்பினாற் போர்க்கப்பட்டுள்ளன. இக்குருத்தெலும்பிற்கு இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. பின் அஃது உணவு பெறுமாறு எங்ஙனம்? மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்படலம் ஒருவகை நீரைச் சுரக்கின்றது. நடக்கும்போது உடலின் பாரம் குருத்தெலும்பை அழுத்த, நீரில் நனைந்த பஞ்சினின்று நீர் வெளிப்படுதல் போல அதனின்று நீர் வெளிப்படும். பாரம் நீங்கியவுடன் உணவோடு கூடிய நீர் மீண்டும் உட்புகும். அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருதலே குருத்தெலும்பிற்கு உணவூட்டும் தொழில். அசைவற்றிருக்கும் மூட்டோ பட்டினி கிடக்கும் மூட்டாகும்.

முதியோர்க்குப் பெரும்பான்மையும் வருவது மூட்டுத்தேய்வு எனப்படும் நோய். இப்பெயரும் முழு உண்மையைக் கூறுவதன்று. குருத்தெலும்பு மெலிதலோடு, அடியிலுள்ள என்பு தடித்தலும், உறை வீங்குதலும், சூழ்ந்துள்ள தசை நலிதலும் சேர்ந்தே இந்நோயாகின்றன. வயது, உடற்பருமை, பழைய காயம், குடிவழி, பல்லாண்டுகள் முழங்காலை மடக்கிப் பளு சுமக்கும் தொழில் ஆகியவை இதற்குக் காரணங்கள். எக்ஸ்கதிர்ப் படத்திற் பெருந்தேய்வு காணப்பட்டும் நோவின்றி நடப்பாரும் உளர். படத்திற் சிறு மாறுதலே இருந்தும் பெரிதும் வருந்துவாரும் உளர். ஆகவே படத்தைக் கண்டு மனமுடைதல் வேண்டா. 2017-ஆம் ஆண்டிற் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், பொழுதுபோக்காக ஓடுவோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பேரும், ஓடாதவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10.2 பேரும் இடுப்பிலோ முழங்காலிலோ இத்தேய்வு உடையராயிருத்தலைக் கண்டனர். போட்டிக்காக மிகுதியாக ஓடுவோர்க்கு அது 13.3 ஆக இருந்தது. அளவான உழைப்பினர் நலமுற்றிருப்ப, உழையாமையும் மிகையுழைப்பும் ஆகிய இரு கோடியினர்க்கும் நோய் மிக்கிருத்தல் இதனாற் பெறப்படும்.

இனி நாணினைக் கருதுவோம். கொலாஜன் என்னும் புரதநார்கள் கயிறு முறுக்கினாற்போல் நெருங்கியமைந்ததே நாண். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் காயமுற்றால் ஆறுவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். தோள், முழங்கை, இடுப்பின் புறம், குதிகால் ஆகிய இடங்களில் முதியோர்க்கு வரும் நோவிற் பெரும்பகுதி நாணைப் பற்றியதே. இதனை அழற்சி என்றே நெடுங்காலம் கருதினர். நுண்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, நீடித்த நோவுள்ள நாணில் அழற்சியினும் நார்களின் ஒழுங்கு குலைந்திருத்தலே மிகுதியாகக் காணப்பட்டது. குலைந்த ஒழுங்கு மீளவேண்டுமாயின் நார்களுக்கு இழுவிசை வேண்டும். ஓய்வு மட்டும் அதனைத் தாராது.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவருள் ஒருவர் சுவீடன் நாட்டு என்புமருத்துவர் ஹோகன் ஆல்பிரெட்சன். தம் குதிகால் நாணிலேயே நோவுற்ற அவர், அறுவைமருத்துவம் மறுக்கப்பட்டமையால், நாண் அற்றுப்போனால் மறுக்கவியலாதென்று கருதி அதனைக் கடுமையாக உழைப்பித்தார் என்றும், நாண் அறாது நோவே நீங்கிற்று என்றும் கூறுவர். 1998-ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும், வேறு மருத்துவங்களாற் பயன்பெறாத நடுவயதினர் பதினைவரைத் தெரிந்து இப்பயிற்சியைத் தந்தனர். படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்குதலே பயிற்சி. முழங்காலை நீட்டி மும்முறை பதினைந்தும், மடக்கி மும்முறை பதினைந்தும் நாடோறும் இருவேளை செய்யவேண்டும். 12 வாரங்களில் அப்பதினைவரும் மீண்டும் ஓடலாயினர். பின்வந்த ஆய்வுகள் எல்லார்க்கும் இத்துணை நிறைந்த பயனைக் காட்டவில்லை; ஆயினும் நாணுக்கு மருந்து அளந்த பளுவே என்னும் கொள்கை நிலைபெற்றுவிட்டது.

‘அவர்கள் ஓடுபவர்கள், தொண்ணூறு வயதுப் பாட்டிக்கு இஃது எங்ஙனம் பொருந்தும்?’ என்று வினவுவார் உளராயின், அவர்க்கு மற்றோர் ஆய்வினைக் காட்டுவோம். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், மரியா பியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பதின்மருக்கு எட்டு வாரம் காற்றசைக்குப் பளுப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை ஒன்பதின்மர் முற்றுவித்தனர். அவர்தம் தசைவலிமை சராசரி 174 விழுக்காடு மிகுந்தது. தொண்ணூறிலும் தசை வளரும் என்றால், அறுபதில் நம்பிக்கை இழத்தற்கு இடமேது?

வீட்டிற் செய்யத்தக்க பயிற்சிகள் எளியன. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமலோ, இயலாதார் கையூன்றியோ, பத்துமுறை எழுந்தமர்தல் ஒன்று. அமர்ந்தவாறே முழங்காலை நேரே நீட்டி ஐந்தெண்ணும் அளவு நிறுத்தி இறக்குதல் மற்றொன்று. சுவரைப் பற்றி நின்று இரு குதிகாலையும் உயர்த்தி மெல்ல இறக்குதல் பிறிதொன்று. இவற்றோடு நாடோறும் சிறிது நடத்தல் வேண்டும். பயிற்சியின்போது சிறிது நோவு தோன்றின் அஞ்சவேண்டா. மறுநாட்காலையில் நோவு முன்னினும் மிகுந்திருப்பின் அளவைக் குறைக்க. மிகாதிருப்பின் ஓரிரு வாரங் கழித்து அளவை ஏற்றுக. மூன்று திங்களேனும் விடாது செய்தாலன்றிப் பயன் இவ்வளவினது என்று உரைத்தல் கூடாது. மூட்டு வீங்கிய நாட்களிற் பயிற்சியைத் தளர்த்தலாம். முற்றும் விடுதல் ஆகாது.

துணைசெய்வன பிறவும் உள. உடலெடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேற்படும் பாரம் நான்கு கிலோ அளவு குறைகின்றது என 2005-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஊன்றுகோலை நோவுள்ள காலின் பக்கத்திற் பிடித்தல் பலர்தம் வழக்கம். எதிர்ப்பக்கக் கையிற் பிடித்தலே பாரத்தைக் குறைக்கும். தாழ்ந்த இருக்கையினும் உயர்ந்த இருக்கை நன்று. வெந்நீரொற்றடம் இறுக்கத்தைத் தளர்த்தும்.

மருந்துகளைப் பற்றியும் சில கூறல் வேண்டும். நோவுள்ள மூட்டின்மேற் பூசும் களிம்பு தீங்கு குறைந்தது. நோவடக்கும் மாத்திரைகளைக் கடையிற் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குதல் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; இருதயத்தையும் தாக்கக்கூடும். ரோபெகாக்சிப் என்னும் மாத்திரை இருதயநோய் விளைத்தமையால் 2004-இல் உலகெங்கும் விலக்கப்பட்டது. மூட்டினுள் இடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நலந்தரும். அடிக்கடி இடுதல் தகாது. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளைக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிலர்க்கு முழங்காலினுட் குழாய் செலுத்திக் கழுவியும் செதுக்கியும் அறுவை செய்தனர். சிலர்க்குத் தோலை மட்டும் கீறித் தைத்தனர். ஈராண்டின் பின்னும் இருசாரார்க்கும் வேறுபாடு இல்லை. எனினும், பயிற்சியாலும் பிறவாற்றாலும் நோவு தணியாது நடையே அரிதாகிய நிலையில் மூட்டு மாற்றுதல் பெருநலம் பயக்கும். 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்புமூட்டிற் பெற்ற வெற்றி இவ்வழியைத் திறந்தது. மாற்றிய மூட்டுக்கும் பயிற்சி இன்றியமையாதது.

எல்லா நோவும் பயிற்சிக்கு உரியதன்று. மூட்டுச் சிவந்து வெம்மையுற்றுக் காய்ச்சலும் உடன்வரின், விழுந்தபின் காலூன்ற இயலாதாயின், குதிகாலின் மேல் ஏதோ அறுந்தாற்போன்ற உணர்ச்சி திடீரெனத் தோன்றின், அன்றே மருத்துவரை அணுகுக. காலையிற் பல மூட்டுகளின் இறுக்கம் ஒருமணி நேரத்திற்கு மேலும் நீடிப்பின் அது வேறுவகை வாதமாயிருத்தல் கூடும்; அதற்குத் தனி மருந்துகள் உள. சிப்ரோபிளாக்சசின் முதலிய கிருமிக்கொல்லி மருந்துகள், சிறப்பாக அறுபது கடந்தார்க்கும் ஸ்டீராய்டு உண்பார்க்கும், நாணை அறச்செய்தல் உண்டு. அவற்றை உண்ணுங்காலத்துக் குதிகாலில் நோவு தோன்றின் உடனே மருத்துவர்க்கு உரைத்தல் வேண்டும்.

மாணவ அன்பர்காள்! இளையராகிய நமக்கு இப்பொருள் எற்றுக்கு என்று எண்ணாதீர். நம் இல்லங்களில் முதியோரைத் திண்ணையில் இருத்தியவர் பகைவரல்லர்; அன்புடைய மக்களும் பெயரருமே. ‘நீங்கள் எழ வேண்டா, தாத்தா, நாங்கள் கொண்டுவருகிறோம்’ என்று கூறி நீர்ச்செம்பை நீட்டுந்தோறும், அவர்தம் கால்களின் வலிமையிற் சிறிதை நாம் வாங்கிக்கொள்கின்றோம். அன்பு குறையவேண்டா, அதன் செயல்முறையே மாறுதல் வேண்டும். இவ்விடுமுறையில் ஊர் செல்லுங்கால், செம்பை அவர் கையிற் கொடுத்துவிடாது, தோளை அவர்க்குப் பற்றுக்கோடாகக் கொடுங்கள். கிணற்றடிவரை உடன் நடவுங்கள். நாற்காலியினின்று பத்துமுறை எழுந்தமர்தலை அவரோடு சேர்ந்தெண்ணுங்கள். திண்ணையளவாய்க் குறுகிய உலகம் தெருக்கோடிவரை விரிந்தாலும் அது சிறு பேறன்று.